கிபுஞ்சி யார் வீட்டுப் பிள்ளை?

ஊருக்குள் புதுமுகம் ஒன்று வந்தால் திண்ணையில் இருக்கும் பெரியவர் முதலில் கேட்பது, "தம்பி யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான். தாத்தாவின் பெயரைச் சொன்னால் போதும். பெரியவரின் மனத்தில் இருக்கும் கொடிவழியில் வந்தவருக்கு ஓர் இடம் கிடைத்துவிடும். யாருக்குப் பங்காளி, யாருக்கு மாமன் மச்சான் என்பதெல்லாம் தானே விளங்கிவிடும். முகச்சாடையை வைத்தே சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் சாடை ஏமாற்றும். உறவே இல்லாத இருவர் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பார்கள். உடன்பிறந்தவர்கள் ஒட்டாத முகத்தோடு நிற்பார்கள்.

உயிரினங்களை வகைப்படுத்துபவர் கேட்பதும் இந்தக் கேள்வியைத்தான். டார்வின் 1859-ல் வெளியிட்ட நூலிலேயே, உயிர்களின் வகைப்பாடு என்பது அவற்றின் வம்சாவளியாகவே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஒரு சிற்றினத்தை இன்ன பேரினத்தில் சேர்க்கிறோம் என்றால், அது எந்த மூதாதையின் வழியில் வந்தது என்று சொல்கிறோம். அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். புதிய சான்று வந்தால் மாற வேண்டியும் இருக்கலாம்.

இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப்போவது, ஆப்பிரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குரங்கின் கதை. 2005-ல் அதை ஒரு பேரினத்தில் வைத்தார்கள். ஓராண்டில் அங்கிருந்து எடுத்து, அதற்கென்றே புதிய பேரினம் ஒன்றை உருவாக்கினார்கள். 2009-ல் அந்த இடமும் கேள்விக்குள்ளானது. 2010-ல் தெளிவு பிறந்தது. ஐந்தே ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் வலுவான காரணம் இருந்தது.

ருங்வே மலையில் கேட்ட பெயர்

தான்சானியாவின் தென்மேற்கில் ருங்வே என்ற எரிமலை இருக்கிறது. உயரம் சுமார் 2,960 மீட்டர். அதன் சரிவுகளில் குளிர்ந்த, ஈரமான மலைக்காடு. சுற்றிலும் நியாக்யூசா மக்களின் ஊர்கள், மக்காச்சோள வயல்கள். 2003 ஜனவரியில் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் சொசைட்டியைச் சேர்ந்த டிம் டேவன்போர்ட்டும் அவருடைய குழுவினரும் அப்பகுதியில் வேட்டையைப் பற்றி ஊர்க்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சிலர், கூச்ச சுபாவமுள்ள ஒரு குரங்கைப் பற்றிச் சொன்னார்கள். அதன் பெயர் கிபுஞ்சி.

நியாக்யூசா மக்களின் வாய்மொழிக் கதைகளில் நிஜ விலங்குகளோடு கற்பனை விலங்குகளும் கலந்து வரும். எனவே கிபுஞ்சி உண்மையில் இருக்கிறதா, கதையில் மட்டும்தான் உலவுகிறதா என்பது முதலில் தெரியவில்லை. அந்த ஆண்டு மே மாதம் இலைகளுக்கிடையே ஓர் உருவம் கணநேரம் தென்பட்டது. டிசம்பரில்தான் தெளிவாகப் பார்க்க முடிந்தது. நீண்ட அடர்ந்த பழுப்பு ரோமம், உச்சந்தலையில் நிமிர்ந்து நிற்கும் கொண்டை, கன்னங்களில் கிருதா, கறுத்த முகம், வெளிறிய வயிறு, வெண்மை படிந்த வால்நுனி. எந்தக் கையேட்டிலும் இப்படி ஒரு குரங்கு இல்லை.

அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் உட்சுங்வா மலைத்தொடர். அங்குள்ள டுண்டுலு காட்டில் 2004 ஜூலையில் ட்ரெவர் ஜோன்ஸ் என்ற ஆய்வாளரும் இதே குரங்கைக் கண்டார். டேவன்போர்ட்டின் கண்டுபிடிப்பு அவருக்குத் தெரியாது. அவருடைய குழுவுக்கு கரோலின் எஹார்ட் தலைமை தாங்கினார். அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஒரு குழுவின் கண்டுபிடிப்பு மறு குழுவுக்குத் தெரியவந்தது. யார் முந்தி என்று போட்டி போடாமல் இரு தரப்பும் சேர்ந்து எழுதினார்கள். 2005 மே மாதம் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆப்பிரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புதிய குரங்கு அது. அறிவியல் பெயரிலும் ஊர்க்காரர்கள் சொன்ன பெயரே நிலைத்தது: லோஃபோசீபஸ் கிபுஞ்சி.

புதிய குரங்குகளின் கதைகளில் இது அடிக்கடி நிகழ்வதுதான். அருணாசலப் பிரதேசத்தில் 2005-ல் விவரிக்கப்பட்ட மக்காக் குரங்குக்கு, அங்கு வாழும் மோன்பா மக்களின் பேச்சிலிருந்து முன்சாலா என்ற பெயர் வந்தது. காங்கோவில் 2012-ல் அறிவிக்கப்பட்ட லெசுலா, அப்பகுதி மக்கள் காலங்காலமாக அறிந்த குரங்கு. புதிய சிற்றினம் என்றால் அறிவியலுக்குப் புதியது என்றே பொருள். காட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு அது பழைய அயலார்.

சாட்சிக்கு ஒரு புகைப்படம்

ஒரு புதிய சிற்றினத்தை அறிவிக்கும்போது மூலமாதிரி ஒன்றைக் காட்ட வேண்டும் என்பது விலங்கியல் மரபு. தோல், மண்டையோடு, எலும்பு என ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். பின்னால் யாருக்கேனும் ஐயம் வந்தால் அதை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் கிபுஞ்சியின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அருங்காட்சியகத்துக்காக அதில் ஒன்றைக் கொல்ல ஆய்வாளர்களுக்கு மனம் வரவில்லை. வயது வந்த கடுவன் ஒன்றின் புகைப்படத்தையே மூலமாதிரியாக வைத்தார்கள்.

இதற்கு எதிர்ப்பு எழுந்தது. புகைப்படத்தில் பல்லை அளக்க முடியாது, எலும்பைத் தொட்டுப் பார்க்க முடியாது, மரபணுவை எடுக்க முடியாது என்று சில விலங்கியலாளர்கள் அதே இதழில் எழுதினார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அருங்காட்சியக மாதிரியின் அருமைக்கு மியான்மரின் போப்பா மந்தி நல்ல சான்று. 1913-ல் சேகரிக்கப்பட்ட அதன் உடல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தது. அதிலிருந்து எடுத்த மரபணுவையும் காட்டில் கிடைத்த எச்சங்களின் மரபணுவையும் ஒப்பிட்டே 2020-ல் அது தனிச் சிற்றினம் என்று நிறுவினார்கள்.

கிபுஞ்சியின் விவாதம் ஓயும் முன்பே, 2005 ஆகஸ்டில், ருங்வே மலையடிவாரத்து மக்காச்சோள வயலில் உழவர் ஒருவர் வைத்த பொறியில் இளங்கடுவன் ஒன்று சிக்கி இறந்தது. அதன் உடல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்குச் சென்றது. முதன்முறையாகக் கிபுஞ்சியின் எலும்பும் தசையும் ஆய்வாளர் கைக்கு வந்தன. அங்கேதான் கதை திரும்பியது.

ஒரே பெயரில் இரண்டு வீடுகள்

அந்தத் திருப்பம் புரிய வேண்டுமானால் மாங்கபேக்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும், ஒல்லியான உடலும் நீண்ட வாலும் கொண்ட குரங்குகள் இவை. நெடுங்காலம் எல்லா மாங்கபேக்களையும் ஒரே பேரினமாகக் கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கின்றன என்பதே காரணம்.

1970-களில் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. மாங்கபேக்களில் ஒரு பிரிவு, வண்ணமுகம் கொண்ட மாண்ட்ரில்களுக்கு நெருக்கம். மற்றொரு பிரிவு பபூன்களுக்கும், எத்தியோப்பிய மலைப்புல்வெளிகளில் வாழும் கெலாடாவுக்கும் நெருக்கம். முதல் பிரிவு செர்கோசீபஸ் என்ற பழைய பேரினப் பெயரிலேயே நிற்க, இரண்டாவது பிரிவு லோஃபோசீபஸ் ஆனது. 1999-ல் ஜான் ஃபிளீகிள், ஸ்காட் மெக்ரா ஆகியோர் எலும்புகளையும் பற்களையும் கூர்ந்து ஆராய்ந்து இதை உறுதிப்படுத்தினார்கள். தரையில் சருகைக் கிளறிக் கடினமான கொட்டைகளைத் தேடி உடைத்துத் தின்னும் வாழ்க்கைக்கு ஏற்ற முன்கை எலும்பும் கடைவாய்ப் பற்களுக்கு முன்னுள்ள பருத்த பற்களும் செர்கோசீபஸ், மாண்ட்ரில் இரண்டுக்கும் பொதுவாக இருந்தன. லோஃபோசீபஸுக்கு அவை இல்லை. அது மரத்திலேயே வாழ்வது.

மாங்கபே என்ற தோற்றம் ஒரே வீட்டின் அடையாளம் அன்று என்பது இதனால் தெளிவாயிற்று. நடுத்தர உடலும் நீண்ட வாலும் கொண்ட காட்டுக்குரங்கு வடிவம் இரண்டு வெவ்வேறு வழிகளில் இருந்திருக்கிறது. மூதாதையிடமிருந்து அப்படியே தங்கிய பண்புகளும் இதில் உண்டு, ஒத்த வாழ்க்கையால் தனித்தனியே உருவான பண்புகளும் உண்டு. இரண்டுமே உறவைத் துல்லியமாகக் காட்டாது. ஒரு கிளையில் புதிதாகத் தோன்றி அக்கிளையின் வாரிசுகள் மட்டும் பெற்றிருக்கும் பண்புதான் உறவுக்குச் சாட்சி. வகைப்பாட்டியலின் உயிர்நாடியான விதி இது.

கிபுஞ்சி மரத்தில் வாழ்கிறது, முகம் கறுப்பு, இமையும் கறுப்பு, தலையில் கொண்டை. இவை லோஃபோசீபஸின் அடையாளங்கள். எனவே 2005-ல் அதை அங்கே வைத்தது அப்போது கையிலிருந்த சான்றுகளுக்கு ஏற்ற முடிவு. குரல் ஒன்றுதான் ஒத்துவரவில்லை. வளர்ந்த மாங்கபேக் கடுவன்கள் தொலைதூரம் கேட்கும்படி ஒருவிதமாகக் கூவும். கிபுஞ்சி அப்படிக் கூவுவதே இல்லை. தாழ்ந்த சுருதியில், கொம்பு ஊதியதுபோல் குரைக்கும்.

எலும்பு ஒரு பக்கம், மரபணு ஒரு பக்கம்

சிகாகோவுக்கு வந்த உடலிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, பல பகுதிகளை மற்றக் குரங்குகளோடு ஒப்பிட்டார்கள். கிபுஞ்சி மாங்கபேக்களோடு சேரவில்லை. அது பபூன்களின் பக்கத்தில் போய் நின்றது.

பபூன் என்றதும் நம் மனத்தில் எழுவது நாயின் முகம்போல் நீண்ட மூஞ்சி, பருத்த உடல், புல்வெளியில் நான்கு காலில் நடக்கும் நடை. கிபுஞ்சியோ 10 முதல் 16 கிலோ எடையில், கிளைக்குக் கிளை தாவும் மரவாசி. அதன் மூஞ்சி நீளவில்லை. அதே சமயம், லோஃபோசீபஸ் மாங்கபேக்களின் கண்குழிக்குக் கீழே கன்ன எலும்பில் காணப்படும் ஆழமான பள்ளமும் அதனிடம் இல்லை. பபூனின் பேரினமான பாபியோவில் சேர்த்தால் உடல் மறுக்கிறது. லோஃபோசீபஸில் வைத்தால் மரபணு மறுக்கிறது.

டேவன்போர்ட், லிங்க் ஆல்சன், எரிக் சார்ஜிஸ், வில்லியம் ஸ்டான்லி உள்ளிட்ட குழுவினர் 2006-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிபுஞ்சிக்குத் தனிப் பேரினம். கண்டெடுத்த மலையின் பெயரால் அது ருங்வேசீபஸ் ஆயிற்று. ஆப்பிரிக்காவில் உயிருள்ள ஒரு குரங்குக்குப் புதிய பேரினம் அமைப்பது 1923-க்குப் பிறகு, அதாவது 83 ஆண்டுகளில், அதுவே முதல் முறை.

எதிர்ப்பு இப்போதும் வந்தது. கையில் இருப்பது ஒரே ஒரு மாதிரி, அதுவும் முழுதாய் வளராதது. பபூன்களின் மூஞ்சி வளர வளரத்தான் நீளும்; குட்டிப் பபூனின் மண்டையோட்டை வைத்துப் பெரிய பபூனை ஊகிக்க முடியாது. இளங்கடுவனின் எலும்பை வைத்துப் பேரினத்தை முடிவுசெய்யலாமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அடுத்த அதிர்ச்சி வேறு திசையிலிருந்து வந்தது.

தாய்வழியில் ஒளிந்திருந்த பாட்டி

நம் உயிரணுக்களில் மரபணு இரண்டு இடங்களில் இருக்கிறது. உட்கருவில் இருப்பது பெருங்களஞ்சியம். குரங்குகளில் சுமார் 300 கோடி எழுத்துகள். இது தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி. இன்னொன்று, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சிறு வளையம். சுமார் 16,500 எழுத்துகளே. இது தாயிடமிருந்து மட்டுமே வரும். மகனுக்கும் வரும், ஆனால் மகன் வழியே பேரனுக்குப் போகாது. தாய், பாட்டி, பாட்டியின் தாய் என ஒரே கோட்டில் பின்னோக்கிச் செல்லும் பாதை அது.

2009-ல் ருங்வே பகுதிக் கிபுஞ்சியின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பல இடங்களின் பபூன்களோடு இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒப்பிட்டன. அது பபூன்களுக்கு அருகில் மட்டும் இல்லை. பபூன்களுக்கு உள்ளேயே இருந்தது. தான்சானியாவின் மஞ்சள் பபூன்களோடு அது நெருங்கி நின்றது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் கிபுஞ்சியும் ஒரு பபூன் என்றாகிவிடும். தனிப் பேரினத்துக்கு இடமில்லை.

ஆனால் வேறொரு விளக்கமும் உண்டு. பபூன், கெலாடா, மாங்கபே, மாண்ட்ரில், மக்காக் எல்லாம் அடங்கிய இக்கூட்டம் முழுவதற்கும் குரோமோசோம் எண்ணிக்கை 42. எண்ணிக்கை ஒத்திருப்பது கலப்புக்கு உதவும். கென்யாவின் அம்போசெலியில் மஞ்சள் பபூன்களும் ஆலிவ் பபூன்களும் இயல்பாகவே கலப்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். முன்னொரு காலத்தில் பெண் பபூன் ஒன்று கிபுஞ்சிக் கடுவனோடு கூடிக் குட்டி ஈன்றதாக வைத்துக்கொள்வோம். அந்த மகளும், அவள் மகளும், வழிவழியாகக் கிபுஞ்சிகளோடே இணை சேர்ந்தால் என்ன ஆகும்?

முதல் குட்டியின் உட்கருவில் பபூன் பங்கு பாதி. பேத்தியிடம் கால். அடுத்து அரைக்கால். பத்துத் தலைமுறையில் அது சராசரியாக 1,024-ல் ஒரு பங்கு. ஆனால் மைட்டோகாண்ட்ரியா ஒவ்வொரு மகளுக்கும் அப்படியே முழுதாகப் போய்க்கொண்டிருக்கும். உடலால், குரலால், உட்கருவால் கிபுஞ்சி. தாய்வழிக் கோடு மட்டும் பபூன். கூட்டம் சிறியதாக இருந்தால் பெண் வாரிசு இல்லாத தாய்வழிகள் ஒவ்வொன்றாக அற்றுப்போய், இந்த ஒரு பாட்டியின் வழியே அந்தக் கூட்டத்தில் நிலைத்துவிடலாம்.

இது அழகான விளக்கம். அழகாக இருப்பதால் மட்டும் ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனைக்கு வழி இருந்தது. கலப்பு ருங்வே பக்கம் மட்டும் நடந்திருந்தால், 350 கிலோமீட்டருக்கு அப்பால் தனித்து வாழும் டுண்டுலு கிபுஞ்சிகளிடம் பபூன் பாட்டியின் அடையாளம் இருக்கக் கூடாது. 2010-ல் டிரினா ராபர்ட்ஸும் மற்ற ஆய்வாளர்களும் டுண்டுலு மாதிரிகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். டுண்டுலு கிபுஞ்சிகளின் மைட்டோகாண்ட்ரியா பபூன்களுக்குள் இல்லை. பபூன்கள் அனைத்துக்கும் வெளியே, அவற்றுக்கு உடன்பிறந்த கிளையாக நின்றது.

கிபுஞ்சியின் பழைய தாய்வழி டுண்டுலுவில் தங்கியிருந்தது. ருங்வேயில் இருப்பது பின்னால் புகுந்தது. ஆக, கிபுஞ்சி பபூன்களின் பங்காளி. பபூன் வீட்டுப் பிள்ளை அன்று. ருங்வேசீபஸ் என்ற தனிப் பேரினம் நிலைத்தது.

நம் மலைகளிலும் இதே கணக்கு

இந்தக் கேள்விகள் ஆப்பிரிக்காவோடு நின்றுவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் வாழும் நீலகிரிக் கருமந்தியைக் கறுத்த ரோமத்தையும் தோற்றத்தையும் வைத்து, தென்கிழக்கு ஆசிய இலையுண்ணும் குரங்குகளின் பேரினமான டிராக்கிபித்தேகஸில் சேர்த்திருந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பிரவீண் காரந்தும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட மரபணு ஆய்வு, கருமந்தியும் இலங்கையின் ஊதாமுக மந்தியும் சாம்பல்நிற அனுமன் மந்தியின் நெருங்கிய உறவினர் என்று காட்டியது. இன்று இவை மூன்றும் செம்னோபித்தேகஸ் என்ற ஒரே பேரினத்தில் இருக்கின்றன. நிறம் காட்டிய உறவு பொய்த்து, நிலம் காட்டிய உறவு மெய்யாயிற்று.

அசாமிலும் பூட்டானிலும் வாழும் தங்கமந்தியின் கதை கிபுஞ்சியை அப்படியே நினைவூட்டுகிறது. அதன் மைட்டோகாண்ட்ரியா அனுமன் மந்திகளின் பக்கம் சாய்கிறது. உட்கரு மரபணு டிராக்கிபித்தேகஸ் பக்கம் சாய்கிறது. பழைய காலக் கலப்பு அங்கும் நடந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

பரிணாமத்தை மரமாக வரைந்து பழகிவிட்டோம். பிரிந்த கிளைகள் மறுபடி சேராது என்பது அந்தப் படத்தின் உட்பொருள். குரங்குகளில் அப்படி இல்லை. பிரிந்த கிளைகள் சில இடங்களில் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன. ஆலமரத்து விழுதுகள் தரைதொட்டு, அடிமரம் எது, விழுது எது என்று தெரியாமல் பின்னிக்கொள்வதைப் போல. எனவே ஒரே ஒரு மரபணுவை வைத்து உறவைத் தீர்ப்பது, ஒரே ஒரு பாட்டியின் பெயரை வைத்து முழுக் குடும்பத்தையும் சொல்ல முயல்வதற்குச் சமம். எலும்பு, பல், குரல், நிறம், தாய்வழி மரபணு, உட்கரு மரபணு, வாழும் இடம் என எல்லாச் சாட்சிகளையும் கேட்க வேண்டும். அவை முரண்படும் இடத்தில், எது பொய் என்று கேட்பதைவிட, ஏன் முரண்படுகின்றன என்று கேட்பதே பயன் தரும். கிபுஞ்சியின் பழைய வரலாறு வெளிப்பட்டது அப்படிக் கேட்டதால்தான்.

தனித்து நிற்கும் கிளை

பேரினப் பெயர் மாறுவதால் காட்டில் இருக்கும் குரங்குக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வருகிறது. லோஃபோசீபஸில் இருந்தவரை கிபுஞ்சி, பல மாங்கபேக்களில் ஒன்று. ருங்வேசீபஸ் ஆனதும், தன் பேரினத்தின் ஒரே வாரிசு. அது அழிந்தால் ஒரு சிற்றினத்தோடு ஒரு பேரினமே அழியும். பபூன்களுக்கு உடன்பிறந்த ஒரு வழி முழுவதும் மறையும். எதை முதலில் காப்பது என்று முடிவெடுப்பவர்களுக்கு வகைப்பாடு தரும் அளவுகோல் இது.

2008-ல் வெளியான கணக்கெடுப்பின்படி மொத்தக் கிபுஞ்சிகள் 1,117. அவற்றில் 1,042 ருங்வேயிலும் அதை அடுத்த கிட்டுலோ பகுதியிலும். 75 மட்டுமே டுண்டுலுவில். அவை வாழும் இடமெல்லாம் சேர்ந்து 17.69 சதுர கிலோமீட்டர். மரம் வெட்டுதலும் வேட்டையும் பயிர்க்காவல் பொறிகளும் அந்தச் சிறு நிலத்தையும் நெருக்கிக்கொண்டிருந்தன.

அந்த 75 குரங்குகளை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். கிபுஞ்சியின் உண்மையான தாய்வழியைச் சொன்ன சாட்சி அவற்றின் உயிரணுக்களில் இருந்தது. 2010-க்கு முன்பே டுண்டுலு காடு அழிந்திருந்தால், ருங்வேயின் சாட்சியை மட்டும் கேட்டு, கிபுஞ்சியைப் பபூன் என்றே நாம் எழுதி வைத்திருக்கக்கூடும். தவறைத் திருத்த வழியே இருந்திருக்காது. உயிர்களின் கொடிவழி எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. உயிரோடு இருக்கும் உடல்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க விரும்புகிறவர்கள் முதலில் அந்தக் காடுகளைக் காப்பாற்ற வேண்டும்.